தறிக்கு மேலே யார் நடப்பது

அந்த அதிகாரி காலைத் தூக்கியபோது தெருவே வாயடைத்து நின்றது.

விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. தறியில் ஏற்றப்போகும் நீள இழைகளை, அதுதான் பாவு, தெருவின் நீளத்துக்கு விரித்திருந்தோம். மயில்கழுத்து நிறப் பட்டு. குறுக்குக் கழிகளின் மேல் இடுப்பு உயரத்தில் ஓடும் இழைகள், முளையில் கட்டிய முனையில் மட்டும் முழங்கால் அளவுக்குத் தாழ்ந்திருக்கும். நகராட்சியிலிருந்து வந்த மனிதர் கையில் டேப்பும் காலில் பூட்சுமாக வந்தார். அந்தத் தாழ்ந்த இடத்தைப் பார்த்தார். ஒரு காலைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்தார். பிறகு இன்னொரு காலையும் எடுத்து வைத்துக்கொண்டு, ஏதோ வாய்க்காலைத் தாண்டிய மாதிரி எங்களைப் பார்த்துச் சிரித்தார்.

எங்கள் தெருவில் யாரும் பாவைத் தாண்டமாட்டார்கள். குனிந்து அடியில் நுழைவதுதான் வழக்கம். நிறைமாதக் கர்ப்பிணியானாலும், பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவரானாலும் அதுதான். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. வெளியூர்க்காரர், அவருக்கு அது நூல், எங்களுக்கு அது சோறு.

என் மாமனார் சபாபதி கையிலிருந்த, பாவுக்குப் பூசும் கஞ்சிக் கிண்ணத்தைத் தரையில் வைத்தார். அவர்தான் தெருவில் பெரியவர், அவர் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது.

"இவரு கொண்டாந்த மாடி நமக்கு வேணாம்பா" என்றார்.

அவ்வளவுதான். ஒரு வார்த்தையில் காரியம் முடிந்தது என்று எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் அந்த மாடி எனக்கு வேண்டும். வேறு யாருக்கு வேண்டுமோ வேண்டாமோ, எனக்கு வேண்டியே வேண்டும்.

மூன்று மாடிச் சங்கதி

போன வாரம் என் கதையைத் தென்னேரி ஏரிக்கரையில், கல்யாண வண்டியில் என்னை ஏற்றிவிட்டு நிறுத்தியிருந்தேன். வண்டி காஞ்சிபுரம் வந்து சேர்ந்து சில வருஷங்கள் ஆகிவிட்டன என்று வைத்துக்கொள்ளுங்கள். அறுபதுகளின் கடைசியா, எழுபது பிறந்துவிட்டதா என்று என்னைக் கேட்காதீர்கள். என் மகளுக்கு அப்போது முன்பல் முளைத்திருந்தது, எனக்கு அதுதான் காலண்டர்.

எங்கள் தெருவில் அதுவரை மாடி கட்ட அனுமதி கிடையாது. கோயிலுக்குப் பக்கத்துத் தெரு, அதுவும் நெசவாளர் தெரு, ஒரே தளம்தான் என்று விதி. திடீரென்று நகராட்சி ஒரு திட்டம் போட்டது. ஊரில் ஜனம் பெருகிவிட்டது, வீடு போதவில்லை. ஆகவே எங்கள் தெருவை நெருக்கமான குடியிருப்புப் பகுதியாக மாற்றலாம், ஒவ்வொரு மனையிலும் மூன்று மாடி வரை கட்டிக்கொள்ளலாம், வாடகைக்கும் விடலாம் என்று பிள்ளையார் கோயில் சுவரில் நோட்டீஸ் ஒட்டினார்கள். தெருவாசிகள் கருத்துச் சொல்ல வேண்டும் என்றும் அதில் இருந்தது.

அந்த நோட்டீஸை நான் படித்த மாதிரி வேறு யாரும் படித்திருக்கமாட்டார்கள். தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு திரும்பத் திரும்பப் படித்தேன். "மாடி" என்று வருகிற இடத்திலெல்லாம் கண் நின்று நின்று போயிற்று.

பரண்

ஏன் அத்தனை ஆசை என்று சொல்கிறேன்.

எங்கள் வீடு ஒரு கூடம், பின்னால் ஓர் உள்ளறை, அடுக்களை, கொல்லை. கூடத்தை இரண்டு தறிகள் விழுங்கியிருந்தன. ஒன்று மாமனாருடையது, மற்றது என் வீட்டுக்காரர் சிகாமணியுடையது. உள்ளே மாமனார் படுப்பார், கொழுந்தன் ஏகாம்பரம் அடுக்களை வாசலில் பாயைப் போடுவான். கல்யாணமான எங்களுக்கு மிச்சம் இருந்தது கூடத்தின் உச்சியில் தறிக்கு மேலே போட்டிருந்த பரண்தான்.

சாத்தேணியில் ஏற வேண்டும். ஓடு தலையைத் தொடும். வெயில் நாளில் பரண் அடுப்பாகக் கொதிக்கும், மழை நாளில் ஒழுகும். குழந்தை உருண்டு கீழே தறியின்மேல் விழுந்துவிடுமோ என்று அவள் இடுப்பில் ஒரு துணியைக் கட்டி மறுமுனையை என் இடுப்பில் கட்டிக்கொள்வேன். புரண்டு படுத்தால் பலகை கிறீச்சிடும். கிறீச்சிட்டால் கீழே மாமனார் இருமுவார்.

இதெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். எனக்குப் பொறுக்காதது ஒன்றுதான். அந்தப் பரணில் நிமிர்ந்து நிற்க முடியாது. உட்கார்ந்துகொண்டு புடவை கட்ட முடியுமா? விடியலில் எல்லோரும் எழுவதற்குள் அடுக்களைக் கதவைச் சாத்திக்கொண்டு, அம்மிக்கும் குடத்துக்கும் நடுவில் நின்று கொசுவத்தைச் செருகிக்கொள்வேன். பகலெல்லாம் ஊரார் பெண்களின் கல்யாணத்துக்குப் புடவை நெய்கிறவளுக்கு, தன் புடவையை நிமிர்ந்து நின்று கட்ட ஓர் இடம் இல்லை. அதை நினைத்தால் எனக்கு அழுகை வராது, கோபம்தான் வரும்.

இந்த நிலையில் ஏகாம்பரத்துக்குத் தையில் கல்யாணம் என்று நிச்சயமாயிற்று. பெண் கற்பகம், ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். புது ஜோடி எங்கே படுக்கும்? பரண் ஒன்றுதானே இருக்கிறது. அதனால் நாங்கள் தறியைப் பிரித்துக்கொண்டு கூரத்தில் வாடகைக்குப் போவது என்று மாமனார் தீர்மானம் செய்துவிட்டார்.

கூரம் ஒன்றும் மோசமான ஊர் இல்லை, காற்று வரும், வயல் இருக்கும். ஆனால் அங்கே போனால் என் கோர்வை போய்விடும்.

வலப்பக்கத்து நாடா

கோர்வை என்றால் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். புடவையின் உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம். இரண்டையும் இழைக்கு இழை கோத்துக்கொண்டே நெய்ய வேண்டும். அதை ஒருவரால் செய்ய முடியாது. குழியில் காலைவிட்டு உட்கார்ந்து மிதியை மிதித்து நெய்கிறவர் ஒருவர். அவருக்கு வலப்பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் கரைக்கான குறுக்கிழையைக் கொண்டுபோகும் நாடாவைத் தள்ளுகிறவர் இன்னொருவர். இரண்டு பேர் கையும் ஒரே மூச்சில் ஓட வேண்டும்.

மாமனார் தறியில் அந்த வலப்பக்கம் முதலில் என் மாமியாருடையது. நான் வருவதற்கு முன்பே அவர் காலமாகிவிட்டார். பிறகு ஏகாம்பரம் உட்கார்ந்தான். அவனுக்கு நெசவாளர் சொசைட்டியில் குமாஸ்தா வேலை கிடைத்ததும் இடம் காலியாயிற்று. நான் கேட்காமலே போய் உட்கார்ந்தேன்.

மாமனார் பக்கத்தில் மருமகள் உட்காருவதா என்று தெருவில் முணுமுணுத்தார்கள். புடவை இறங்கி வந்தபோது முணுமுணுப்பு நின்றது. கரையும் உடலும் சேரும் இடத்தை விரலால் தடவிப் பார்த்தால் தடை தெரியாது. அப்படி ஒரு கை எனக்கு. பீற்றிக்கொள்கிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள்.

என் வீட்டுக்காரர் நெய்வது கோர்வை இல்லாத புடவை, அதற்குத் துணைக்கை வேண்டாம். கூரத்துக்குப் போனால் நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

பஜனை மடத்தில்

கருத்துக் கேட்கும் கூட்டம் பஜனை மடத்தில் நடந்தது. அதிகாரிக்கு நாற்காலி, ஆண்களுக்கு ஜமக்காளம், பெண்களுக்குத் தூணுக்குப் பின்னால் வெறுந்தரை. என் பக்கத்தில் எதிர்வீட்டு நாகரத்தினம்மா உட்கார்ந்திருந்தார். வீட்டில் தெலுங்கு பேசும் குடும்பம். அவர் வீட்டிலும் இரண்டு மருமகள்கள், ஒரே பரண்.

மாமனார் எழுந்தார்.

"ஐயா, கோச்சிக்காதீங்க. நெசவு வூட்ல தறிதான் சாமி. கீழ தறி ஓடிக்கினு இருக்கும், மேல ஒருத்தன் நடந்துக்கினு இருப்பான். சாமி தலை மேல நடந்தா அந்த வூட்ல நெசவு நிக்குமா? பாவையே தாண்டறவங்களுக்கு இது புரியாது."

அதிகாரி முகம் சிவந்தது. "அப்படின்னா தறியை மாடிக்கு மாத்திக்கலாமே" என்றார்.

கூட்டம் சிரித்தது. "குழியை எங்க சார் தோண்டறது? கீழ் வூட்டுக்காரன் தலையிலயா?" என்றது ஒரு குரல்.

மாமனார் கையமர்த்திவிட்டு இன்னொன்றும் சொன்னார். இரண்டு பக்கமும் மூன்று மாடி எழும்பினால் தெருவில் காலை வெயில் விழாது, கஞ்சி போட்ட பாவு காயாது, பாவு காயாவிட்டால் தெருவே பட்டினி. அது நூற்றுக்கு நூறு நியாயம். நானே தலையாட்டினேன். ஆனால் அதைச் சாக்கிட்டு மாடியே கூடாது என்று முடிக்கப் போகிறார் என்பது தெரிந்தது.

நாகரத்தினம்மா என் தொடையில் கிள்ளினார். "செப்பம்மா தனம்."

எழுந்துவிட்டேன்.

"மாமா, தறிக்கு மேல ஆளே இருக்கக் கூடாதுன்னா பரணை என்ன பண்றது?"

திரும்பிப் பார்த்தார். மருமகள் சபையில் வாய் திறப்பாள் என்று அவர் கனவிலும் நினைத்திருக்கமாட்டார். இருந்தாலும் நிதானமாகத்தான் பதில் சொன்னார்.

"பரண் சாமான் வைக்கறதுக்கும்மா."

"அப்ப நானும் உங்க புள்ளையும் சாமானா?"

யாரோ தொண்டையைச் செருமினார்கள். என் வீட்டுக்காரர் ஜமக்காளத்தின் பூவை எண்ணத் தொடங்கினார். ஆரம்பித்தாயிற்று, இனி முழுக்க நனைந்தபின் முக்காடு எதற்கு?

"இந்தத் தெருவுல எந்தப் புதுப்பொண்ணு பரண்ல ஏறாம இருந்தா? இங்க உக்காந்துக்கினு இருக்கற முக்காவாசிப் பேரு தறிக்கு மேல உண்டானவங்கதான். நெசவு நின்னா பூடுச்சி? நல்லாத்தானே ஓடிக்கினு இருக்குது?"

மாமனார் உதவிக்குச் சுற்றிலும் பார்த்தார். ஓரத்தில் காதர் பாய் உட்கார்ந்திருந்தார். தறிச் சட்டம் செய்கிற தச்சர். தெருவில் இருக்கிற அத்தனை பரணும் அவரோ அவருடைய அப்பாவோ போட்டதுதான்.

"பாய், நீ சொல்லுபா. பரண் சாமான் வைக்கத்தானே?"

காதர் பாய் தாடியைத் தடவிக்கொண்டார். பொய் சொல்ல அவருக்கு வராது, பெரியவரை விட்டுக்கொடுக்கவும் மனம் வராது.

"சாமான் வைக்கத்தான் அண்ணே. ஆனா ஒவ்வொரு வூட்லயும் கல்யாணத்துக்கு முந்தின மாசம்தான் கூப்பிட்டு, ஜல்தி போட்டுக் குடுன்றீங்க. பலகை கிறீச்சுன்னு சத்தம் போடக் கூடாதுன்னு வேற சொல்றீங்க."

முதலில் சிரித்தது தூணுக்குப் பின்னாலிருந்த பெண்கள். பிறகு மடமே சிரித்தது. அதிகாரி கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார். மாமனார் மட்டும் சிரிக்கவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

தெரு ஒரே கருத்தாகச் சொன்னால்தான் எழுதிக்கொள்வேன், வெள்ளிக்கிழமை திரும்பி வருகிறேன் என்று சொல்லிவிட்டு அதிகாரி எழுந்தார். தெரு ஒரே கருத்தாகச் சொல்வது என்றால் சபாபதி சொல்வது என்று அர்த்தம். அது அவருக்கும் தெரிந்திருந்தது.

நாடா நின்றது

அன்றிலிருந்து மாமனார் என்னோடு பேசவில்லை. ஆனால் தறி இருக்கிறதே. விடிந்தால் அவர் குழியில் இறங்குவார், நான் வலப்பக்கம் உட்காருவேன். பேசாமலும் கோர்வை போடலாம். பேசாமல் போட்டால் வேலை இன்னும் சுருக்காக ஓடும்.

மாமனார்மேல் எனக்குக் கோபம் இருந்தது, பாசமும் இருந்தது. என் கைக்கு மதிப்புக் கொடுத்த முதல் மனிதர் அவர். அதனால்தான் அவரிடம் சண்டை போடத் துணிந்தேன். மதிக்காதவரிடம் யார் மல்லுக்கு நிற்பார்கள்?

வியாழக்கிழமை காலை. அரக்கு உடல், பச்சைக் கரை. மாமனார் மிதியை அழுத்தினார். இழைகள் பிரிந்து வாய் திறந்தன. அவருடைய நாடா வந்து நின்றது. என் நாடா என் கையில் இருந்தது. நான் தள்ளவில்லை.

திரும்பி என் கையைப் பார்த்தார்.

"தள்ளும்மா" என்றார். அத்தனை நாளுக்குப் பிறகு வந்த முதல் வார்த்தை.

"தைக்கு அப்பறம் இந்தப் பக்கம் யாரு தள்ளுவாங்க மாமா?"

பக்கத்துத் தறியில் என் வீட்டுக்காரரின் பலகைச் சத்தம் நின்றது.

"கற்பகம் தறியில உக்காராது, அது டீச்சரு. ஏகாம்பரம் ஆபீசுக்குப் பூடுவாரு. நான் கூரத்துல இருப்பேன். நீங்க தனியா எப்படிக் கோர்வை போடுவீங்க?"

அவர் அதை யோசித்திருக்கவே இல்லை என்பது முகத்தில் தெரிந்தது. யார் எங்கே படுப்பது என்று கணக்குப் போட்டாரே தவிர, யார் எங்கே உட்காருவது என்று போடவில்லை. தறியைத் தனி ஆள் வேலையாகவே நினைத்து மாமனார் பழகியிருந்தார்.

மிதியிலிருந்து காலை எடுத்தார். இழைகளின் வாய் மூடிக்கொண்டது. நிமிர்ந்து பரணைப் பார்த்தார்.

"உங்க அத்தை அதுல தலை இடிச்சிக்காத நாளே கெடையாது" என்றார். "நிமிந்து நிக்கற மாதிரி ஒரு ரூம் கட்டிக் குடுய்யான்னு கேட்டுக்கினே இருந்தா. சிரிச்சிக்கினே கேப்பா. நானும் சிரிச்சிக்கினே வுட்டுட்டேன்."

பார்த்தே இராத அந்தப் பெண்மணி அப்போது என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாதிரி இருந்தது. அவர் உட்கார்ந்து தேய்த்த பலகையில்தானே நானும் உட்கார்ந்திருந்தேன்.

"மூணு மாடி கூடாது" என்றார் மாமனார்.

"கூடாது மாமா."

"ஒண்ணுதான். அதுவும் தெருவை வுட்டுத் தள்ளி, பின்னால கட்டணும். பாவுல வெயிலு விழணும்."

"விழணும்."

"தறி மேல கால் படக் கூடாது."

இதற்கு நான் என்ன சொல்வது? விழித்தேன்.

"காதர் பாயைக் கூப்புடு" என்றார்.

அதன் பிறகுதான் நாடாவைத் தள்ளினேன்.

திறந்த கூரை

வெள்ளிக்கிழமை அதிகாரி வந்தபோது தெருவில் பாவு விரித்திருந்தது. அவர் நின்றார். சுற்றிலும் பார்த்தார். பூட்சைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, முதுகை வளைத்து அடியில் நுழைந்து வந்தார். பூட்சைக் கழற்றும்படி யாரும் சொல்லவில்லை. எங்களையும் மிஞ்சிவிட்டார் மனிதர். மாமனார் மோர் கொண்டுவரச் சொன்னார்.

ஒரு மாடி, தெருவிலிருந்து உள்ளடங்கி, என்று தெரு சொன்னது. அதிகாரி முகம் கொஞ்சம் சுருங்கியது, அவர் மூன்று கேட்டு வந்தவர். ஆனால் எழுதிக்கொண்டார். உத்தரவு வந்து சேர்வதற்குள் ஒரு மழைக்காலம் வந்து போயிற்று, தைக் கல்யாணத்தை வைகாசிக்குத் தள்ளிவைத்தோம்.

எங்கள் வீட்டில்தான் முதலில் கட்டினோம். தறிகளுக்கு நேர் மேலே மட்டும் தளம் போடாமல் திறந்துவிடச் சொன்னார் மாமனார். அதைச் சுற்றிக் காதர் பாய் மரக் கைப்பிடி அடித்தார். உச்சியில் கண்ணாடி ஓடு. இப்போது தறிக்கு மேலே யார் காலும் படாது, தறியில் வெளிச்சமும் விழும். அதைப் பார்த்து நாகரத்தினம்மா வீட்டிலும் அப்படியே திறந்துவிட்டார்கள், பிறகு தெரு முழுக்க. இன்றைக்கு எங்கள் தெருவுக்கு வருகிறவர்கள், ஏன் எல்லா வீட்டு மாடியிலும் நடுவில் திறப்பு விட்டிருக்கிறீர்கள் என்று கேட்கிறார்கள். காற்றுக்கு என்று சொல்லிவைக்கிறோம்.

மாடியில் இரண்டு அறை. ஒன்று எங்களுக்கு, ஒன்று ஏகாம்பரத்துக்கும் கற்பகத்துக்கும்.

அவர்கள் கல்யாணத்தன்று விடியலில் என் அறைக் கதவைச் சாத்திக்கொண்டேன். சுவரில் சுண்ணாம்பு ஈரம் இன்னும் மணந்தது. ஜன்னலில் கோபுரம் தெரிந்தது. கால் இரண்டையும் ஊன்றி, தலை எதிலும் இடிக்காமல், அவசரப்படாமல் என் கூறைப் புடவையைக் கட்டினேன். கட்டி முடித்துப் பிடிக்காமல் அவிழ்த்துவிட்டு, மறுபடியும் கட்டினேன். சும்மாதான், இடம் இருக்கிறதே என்று.

பழைய பரணை என்ன செய்வது என்று ஒரு பேச்சு வந்தது. காதர் பாய் பலகைகளைப் பிரித்து அடுக்களைக்கு மேலே மாட்டிக் கொடுத்தார். கல்யாணம் முடிந்து அண்டா, குண்டான், விருந்துப் பாத்திரம் எல்லாவற்றையும் அதில் ஏற்றினோம். ஒவ்வொரு அண்டாவுக்கும் பலகை கிறீச், கிறீச் என்று கத்தியது.

காதர் பாய்க்கு மானம் போய்விட்டது. "நாளைக்கு வந்து ஆப்பு அடிச்சி சரி பண்ணிட்றேன் அண்ணே" என்றார்.

மாமனார் என்னை ஒரு பார்வை பார்த்தார். மீசைக்கு அடியில் சிரிப்பு வந்துவிட்டது.

"கத்தட்டும் வுடுபா. இப்பதான் நெஜமாவே சாமான் ஏறி இருக்குது."